வெள்ளைக்கோட்டுப் பட்டாளம்

வாசலிலேயே ஆரம்பமாகிவிட்டது. நியூவர்க் கண்காட்சி மைதானத்துப் பெரிய கொட்டகையில் வருஷா வருஷம் நடக்கிற சிப்பாய் ஆட்டத் திருவிழா. கிளெண்டா பேட்லி இரண்டு கையிலும் பெட்டிகளோடு வரிசையில் நின்றாள். நுழைவுச்சீட்டு கிழிக்கிற ஆள் அவளை விட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"வீட்டுக்காரர் கார் நிறுத்தப் போயிருக்காரா, கண்ணு?"

"வீட்டுக்காரர் லின்கன் ஊர்ல இன்னொருத்தியோட இருக்கார். வேணும்னா போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க. ஆட வந்தது நான். வழிய விடுங்க."

அந்த ஊர்ப்பக்கம் எல்லாரும் எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வீட்டுக்காரரைத் தேடுவதில்தான்.

கிளெண்டாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கல்யாணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரை விடாதவள். கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை வாங்கி, ஒவ்வொருவனுக்கும் சட்டை, தொப்பி, முகம், கண் என்று வண்ணம் தீட்டுவாள். படையாகச் சேர்த்து, மேசைமேல் மேடும் ஆறும் அமைத்து, பகடை உருட்டிப் போர் ஆடுவாள். பள்ளி நாளிலேயே பிடித்த பித்து அது. அவளையும் தம்பி நெவிலையும் ஒன்றாகவே பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் சமையலறை மேசையில் ஆடும்போது, தோற்றால் நெவில் மேசையையே கவிழ்த்துவிடுவான். வளர்ந்தபின் கவிழ்ப்பதை விட்டான், ஆட்டத்தை விடவில்லை. வியாழக்கிழமைதோறும் மெதடிஸ்ட் கூடத்தில் கூடும் சங்கத்தில் இருவரும் உறுப்பினர்கள்.

அவளிடம் ஒரு படை இருந்தது. இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த பழைய உள்நாட்டுப் போரில், ராஜா பக்கத்துப் படை. ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முந்தைய போர்தான். ஆனால் நியூவர்க்காரர்களுக்கு அது போன வாரம் நடந்த பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. அந்தப் படையில் வடக்கத்திப் பட்டாளம் ஒன்று உண்டு. சாயம் போடாத வெள்ளைக் கம்பளிக் கோட்டுக்காரர்கள். சரணடைய மாட்டோம் என்று நின்ற இடத்திலேயே செத்தவர்கள் என்று சொல்லுவார்கள். அவர்களைத் தீட்டத்தான் அவளுக்கு அதிக காலம் பிடித்தது. வெள்ளையைப் போலப் பொல்லாத நிறம் வேறில்லை. வெறும் வெள்ளையைப் பூசினால் சிப்பாய் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுவான். ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் எலும்பு நிறம், கடைசியில் துணி மடிப்பின் முகட்டில் மட்டும் மயிரிழையாக வெள்ளை. இதை அவளே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தாள். புருஷன் கீத் குடித்துத் தீர்த்த ஒயின் புட்டிகளின் கழுத்துத் தகட்டை உரித்துக் கொடிகள் செய்தாள். அந்தக் கல்யாணத்தில் உருப்படியாக மிஞ்சியது கொடிகள் மட்டும்தான் என்பாள்.

கீத் போனபின் வீட்டை விற்று, கடைத்தெருவில் ஒரு சின்ன மாடிக்குக் குடிபோனாள். கட்டில் போட்டால் கதவு திறக்காத வீடு. படையை, அதன் இழுப்பறை அலமாரிகளோடு, ட்ரெண்ட் ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்த நெவிலின் கார்க்கொட்டகையில் வைத்தாள். மறு குளிர்காலம் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் நெவில் அவள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் போச்சு கிளெண்டா. இடுப்பளவு சாக்கடைத் தண்ணி."

"ஈயம் கரையாதேடா. கழுவிக்கலாமே."

"கவுன்சில்காரங்க எதையும் தொடக் கூடாதுன்னாங்க. நான்தான் அள்ளிக் குப்பை லாரில போட்டேன். நீ பார்த்திருந்தா தாங்கியிருக்க மாட்ட."

அவள் அவன் தோளில் விழுந்து அழுதாள். கீத் போனபோது அழாத அழுகை. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

ஒரு வருஷம் தூரிகையைத் தொடவில்லை. பிறகு, சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, எதிர்ப்பக்கத்துப் பார்லிமெண்ட் படையை வாங்கித் தீட்டினாள். செத்தவர்களையே மறுபடி தீட்ட மனம் ஒப்பவில்லை. அந்தப் புதுப் படைதான் இப்போது அவள் கையில் இருந்த பெட்டிகளில் இருந்தது.

அன்றைக்கு அவளோடு ஆட வேண்டியவர் முதுகு பிடித்துக்கொண்டு வரவில்லை. பதிலுக்கு ஹாரகேட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பார்னபி ஸ்கெல்டன் என்று பெயர். நாற்பது வயது, மாட்டு வைத்தியர், பெரிய கைகள், வெட்கச் சிரிப்பு. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படையை அடுக்கிக்கொண்டிருந்தார். கிளெண்டா தன் பெட்டியைத் திறந்து பீரங்கிகளை எடுத்து வைத்தாள். நிமிர்ந்தாள்.

எதிர் மேட்டில் வெள்ளைக்கோட்டுக்காரர்கள் நின்றார்கள்.

முதலில் தோன்றியது கோபமில்லை, பயம். செத்துப் போனவர் தெருவில் நடந்து வந்தால் வருமே, அந்தப் பயம். இரண்டாம் வரிசையில் ஒரு ஈட்டிக்காரன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அச்சில் வார்த்த உருவத்தில் அப்படி ஒருவன் கிடையாது. அவள்தான் கத்தியால் கழுத்தை அறுத்து, தலையைத் திருப்பி ஒட்டினாள். பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தில் ஒருத்தனாவது திரும்பிப் பார்ப்பான், படையிலும் பார்ப்பான் என்பது அவள் எண்ணம். அவனுக்கு மேலே பறந்த கொடியில் சிலுவை தப்பான மூலையில் இருந்தது. அதுவும் அவள் செய்த பிழைதான்.

எல்லார்மேலும் பளபளவென்று வார்னிஷ், அவள் பூசாதது. நெய் தடவிய பன்றிக்குட்டிகள் மாதிரி மினுங்கினார்கள்.

"அழகா இருக்குல்ல?" என்றார் பார்னபி. "பார்க்கிறவங்க எல்லாரும் நின்னுடறாங்க. நான் தீட்டினதில்ல. எனக்கு மாட்டுக்கு ஊசி போடத் தெரியும், அவ்வளவுதான்."

"யார் தீட்டினது?"

"உங்க ஊர்க்காரர்தாங்க. நெவில் பேட்லி. இன்னைக்குத் தீட்டுற போட்டிக்கு நடுவரே அவர்தானே. போன வருஷம் அவர்கிட்ட வாங்கினேன். பன்னெண்டு வருஷ உழைப்பாம். கொடுக்கிறப்ப கண்ணு கலங்கிட்டார் மனுஷன்."

கிளெண்டா கையை நீட்டி அந்த ஈட்டிக்காரனை எடுத்தாள். அடித்தட்டைக் கவிழ்த்தாள். கறுப்புப் பூச்சின்மேல் வெள்ளையில் 'நெ.பே.' என்று இருந்தது. கார்ச் சாவியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள்.

"ஏங்க! ஏங்க! என்ன பண்றீங்க? அது என்னோடது!"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமாவது! விடுங்க அத!" பார்னபி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் கறுப்பு உரிந்து, அடியில் பழைய பச்சைப் பூச்சும் அதில் 'கி.பே.' என்ற எழுத்தும் தெரிந்தன. அவள் தன் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கிளெண்டா பேட்லி.

பார்னபி எழுத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அவள் கொண்டுவந்த பார்லிமெண்ட் படையின் முகங்களையும் குனிந்து பார்த்தார். அதே புருவம், அதே கன்னச் சிவப்பு.

"அவர் உங்களுக்கு..."

"தம்பி," என்றாள். "இத யாரும் தொடாம பார்த்துக்குங்க. வந்துடறேன்."

போட்டி மேசை கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. நடக்க நடக்கத்தான் கோபம் ஏறியது. முதலில் காலில், பிறகு வயிற்றில், பிறகு காதில். விற்றான் என்பது ஒன்று. தான் தீட்டியதாகச் சொன்னான் என்பது ஒன்று. அந்த வார்னிஷ் ஒன்று. எதற்கு முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நெவில் ஏழெட்டுப் பேர் நடுவில் நின்று, ஒரு சின்ன கைவிளக்கை அடித்து, போட்டிக்கு வந்த சிப்பாய் ஒன்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நரைத்த தாடி, நீலக் கழுத்துப்பட்டை. நடுவர் என்றால் நடுவர் மாதிரியே இருப்பான். சங்கத்தில் அவனை நடுவராக்கியபோது கிளெண்டா சிரித்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நினைத்தாள்.

"இங்க பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "வெள்ளைய நேரடியா பூசவே கூடாது. அடியில ஆறிப்போன டீ நிறம். இது யாரும் சொல்லித் தர மாட்டாங்க. என் ரகசியம்."

"யாரோட ரகசியம்டா?"

அவன் திரும்பினான். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. "கிளெண்டா. கொஞ்சம் வேலையா இருக்கேன். அப்புறம்..."

"வெள்ளத்துல செத்தவனுங்க எல்லாம் அங்க மேசைல நிக்கறானுங்க. குப்பை லாரிலேருந்து எறங்கி ஹாரகேட் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கானுங்க. வா, வந்து பாரு."

சிரிப்பு இப்போது போயிற்று. "அது வேற. அது நான் தனியா... உன்னோடத பார்த்து அதே மாதிரி..."

"அப்படியா? திரும்பிப் பார்க்கிறானே ஒருத்தன், அவன் கழுத்த அறுத்தது யாரு? நீயா? கொடில தப்புப் போட்டது நீயா? என் தப்பக்கூட விடாம திருடினியாடா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கத் தலைவர் டெரன்ஸ் கோல் கையைப் பிசைந்துகொண்டு நடுவில் வந்தார். எப்போதும் நடுவில் வருகிற மனிதர். "ரெண்டு பேரும் வெளிய போய், ஒரு டீய குடிச்சுட்டு நிதானமா..."

"எனக்கு டீ வேணாம் டெரன்ஸ். டீயத்தான் அவன் ரகசியம்னு வித்துட்டு இருக்கான்."

யாரோ சிரித்தார்கள். நெவிலுக்குக் காது சிவந்தது. தம்பிகளுக்கே உரிய பழைய குரலில் சொன்னான்: "எப்பப் பார்த்தாலும் நீதான் பெரிய இவ, இல்ல? உலகத்துல யாருக்குமே பிரஷ் பிடிக்கத் தெரியாது."

"பிடி, பார்ப்போம்."

பக்கத்திலேயே புதியவர்கள் உட்கார்ந்து தீட்டிப் பழகுகிற மேசை இருந்தது. கிளெண்டா அங்கிருந்து ஒரு தூரிகையும் கறுப்பு வண்ணமும் முகம் மட்டும் பூசிய ஒரு சிப்பாயும் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒரு கண்ணு. ஒரே ஒரு கண்ணு வரை. வரைஞ்சுட்டா நான் பொய்க்காரி. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

"சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாத."

"வரைடா!"

அவன் சுற்றிலும் பார்த்தான். தப்பிக்க இடமில்லை. தூரிகையை எடுத்தான். நுனி வண்ணத்தைத் தொட்டது. சிப்பாயின் முகத்தை நோக்கி வந்தபோது கை ஆடத் தொடங்கியது. கொஞ்சமாக இல்லை. மேட்டில் ஏறுகிற பழைய பஸ்ஸின் கியர்த் தண்டு மாதிரி ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டும் சேர்ந்து ஆடின. தூரிகை சிப்பாயின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டு மேசைமேல் விழுந்தது.

நெவிலின் மனைவி ஜேனிஸ் தேநீர்க் கடைப் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவன் இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"திருப்தியா? இப்ப திருப்தியா உனக்கு? பார்க்கின்சன். மூணு வருஷமா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உயிர வாங்கினார். நீ ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டிட்ட."

கிளெண்டாவுக்கு உண்மையிலேயே தெரியாது. மூன்று வருஷமாக வியாழக்கிழமைதோறும் பார்த்தும் தெரியவில்லை. அவன் பகடையைக் குவளையில் போட்டு உருட்டுவதைப் புதுப் பழக்கம் என்று நினைத்தாள். ஒரு கணம் நெஞ்சு இளகத்தான் செய்தது. அந்த ஒரு கணத்தைச் சுற்றி நின்றவர்கள் அவளுக்கு விட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

டெரன்ஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நெவிலை உட்கார வைத்தார். ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். இன்னொருவர் பிஸ்கட்டைப் பிரித்தார். யாரோ அவன் தோளில் கை வைத்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "சீக்காளிகிட்டப் போய் இப்படியா?" ஒரு நிமிஷத்தில் ஊரே அவன் பக்கம் போய்விட்டது. படையைப் பறிகொடுத்தவள் தூரிகை விழுந்த மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

இளகியது மறுபடி இறுகியது.

"கை நடுங்கறதுக்கும் களவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். கத்தவில்லை. கடைசி இருக்கை வரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. "இதே கையாலதான என் படையத் தூக்கிக் கொடுத்தான்? இதே கையாலதான என் பேர அழிச்சு அவன் பேர எழுதினான்? அதுக்கெல்லாம் நடுங்கலையா?"

"போதும் கிளெண்டா," என்றார் டெரன்ஸ்.

"உங்களுக்குப் போதும். எனக்கு இல்ல."

கார் நிறுத்துமிடத்தில் காற்று பேய்போல் அடித்தது. உருளைக்கிழங்கு வறுக்கிற வண்டியின் எண்ணெய் வாசனை குமட்டியது. தன் காரின் சக்கரத்தை ஒரு உதை விட்டாள். கால் வலித்ததுதான் மிச்சம். பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். பார்னபி.

"நீங்களும் உபதேசம் பண்ண வந்தீங்களா?"

"இல்லைங்க. எனக்கும் கோவமா வருது. வந்து நிக்க இடமில்லாம இங்க வந்தேன்." அவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். "கண்ணு கலங்கினாரே! நான் வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லி உருகினேன். பன்னெண்டு வருஷ உழைப்ப எனக்காக விட்டுக் கொடுத்தாருன்னு. என்ன மாதிரி ஏமாளி உண்டா?"

"வார்னிஷ் யார் போட்டது?"

"வாங்கிறப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"நாசமாப் போறவன்."

பார்னபி குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "படை உங்களோடது. கொடுத்துடறேன். நான் கொடுத்த பணத்த அவர்கிட்ட வாங்கிக்கறது என் பாடு. ஆனா அதுக்கு முன்னாடி... மேசை போட்டாச்சு. ஆட்டம் நிக்குது. நீங்க போறதா இருந்தா போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நான் ஏன் போகணும்? திருடினது நானா?"

உள்ளே போனார்கள். அவள் நடந்த பாதையில் பேச்சு நின்று, கடந்தபின் மறுபடி தொடங்கியது. மேசைக்கு வந்து பகடையை எடுத்தாள். ஒவ்வொரு உருட்டலும் அறை விடுகிற மாதிரி விழுந்தது. இரண்டு பேரும் விதிக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பகலில் அவளுடைய குதிரைப்படை வெள்ளைக்கோட்டுக்காரர்கள்மேல் பாய்ந்தது. பகடையில் ஒன்று விழுந்தது. பின்வாங்கி, அணிவகுத்து, மறுபடி பாய்ந்தாள். மறுபடி ஒன்று. மூன்றாம் முறை இரண்டு. சரித்திரத்தில் செத்த பட்டாளம் அன்றைக்குச் சாக மறுத்து, அவள் குதிரைகளையெல்லாம் ஈட்டியில் கோர்த்தது.

"தீட்டினவமேலகூட விசுவாசம் இல்ல பாரு, தடிப்பசங்களுக்கு," என்றாள்.

பார்னபி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். அவள் சிரிக்கவில்லை. தோற்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் பார்னபி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அவள் காரில், பஞ்சு வைத்து, ஆடாமல் அடுக்கினார். கன்றுக்குட்டியைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினார். அந்த நாளில் அவளுக்கு வாய்த்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த வாரம் முழுக்கத் தொலைபேசி. முதலில் டெரன்ஸ்: "தப்பு தப்புதான், ஆனா அவன் நிலைமையையும் பார்க்கணும்ல." பிறகு சங்கத்தில் அவள் பெயரை இதுவரை சரியாகச் சொல்லாத ஒருவர்: "பெரிய மனசு பண்ணுங்க." எல்லாருக்கும் அவள் மனசு பெரிதாக வேண்டும். அவன் மனசு எந்த அளவில் இருந்தாலும் சரி. ஜேனிஸ் அழுதுகொண்டே பேசினாள். "சாப்பிட மாட்டேங்கறார். ஒரு வார்த்தை பேசிடேன்."

"வியாழக்கிழமை கூட்டத்துக்கு அவன வரச்சொல்லு. அங்க பேசறேன்."

மெதடிஸ்ட் கூடத்தில் வழக்கமாக மேசை விரிக்கிற நேரத்தில் அன்றைக்கு யாரும் விரிக்கவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே கிளெண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெரன்ஸ் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கிட்டா..."

"கை குடுக்க வரல. அவன் ஒரு வாக்கியம் சொல்லணும். எடுத்தேன், வித்தேன், நான்தான் தீட்டினேன்னு பொய் சொன்னேன். எல்லாரும் கேட்கணும். அவ்வளவுதான்."

நெவில் எழுந்தான். ஒரு வாரத்தில் சுருங்கியிருந்தான். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தான். "எடுத்தேன். வித்தேன். நான்தான் தீட்டினேன்னு சொன்னேன். ஆனா..."

"ஆனாவ எடு."

"கிளெண்டா, ஒரு நிமிஷம் சொல்ல விடு."

"ஆனாவ எடுத்துட்டுச் சொல்லு. அப்புறம் என்ன வேணா சொல்லு."

அவன் மறுபடி சொன்னான், ஆனா இல்லாமல். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பேசினான்.

"டாக்டர் சொன்ன வாரம்தான் ஆறு வந்துச்சு. நான் அந்தத் தண்ணில எறங்கி இழுப்பறை ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்தேன். நிஜமா. உனக்காகத்தான் தூக்கினேன். மாடில கட்டில்மேல பரப்பி வச்சுத் தொடச்சேன். பார்த்துட்டே இருந்தேன். அம்பது வருஷமா எல்லாரும் உன்னோடதத்தான் பார்த்தாங்க. என்னோடத யாரும் பார்க்கல. இனிமே என்னோடதுன்னு ஒண்ணு வரவும் போறதில்லன்னு தெரிஞ்சுபோச்சு. இது என்னோடதா இருந்தா எப்படி இருக்கும்னு..." நிறுத்தினான்.

கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கிளெண்டா மெதுவாகக் கேட்டாள்.

"நான் உன் தோள்ல விழுந்து அழுதேனே. அன்னைக்கு அது எங்க இருந்துச்சு?"

நெவில் கைகளை மறுபடி கோட்டுப் பைக்குள் விட்டான்.

"எங்கடா இருந்துச்சு?"

"மாடில. கட்டில்மேல."

"தெரிஞ்சுதான் முதுகத் தட்டினியா?"

ஆமாம் என்று தலையை அசைத்தான்.

டெரன்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. "நெவில், ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளே கொடுத்திருப்பாளேப்பா."

"கொடுத்திருக்க மாட்டேன்," என்றாள் கிளெண்டா, கோட்டை மாட்டிக்கொண்டே. "என்னத்துக்குக் கொடுக்கணும்? அது என்னோடது. கேட்டா இல்லன்னு சொல்லியிருப்பேன். அந்த 'இல்ல'யச் சொல்றதுக்குக்கூட அவன் எனக்கு வழி விடல."

அன்றோடு வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். பார்னபியின் சங்கம் தூரம்தான். மாதம் ஒரு ஞாயிறு ஹாரகேட் போய் ஆடினாள். பார்னபிக்குச் சேர வேண்டியதை நெவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருவதாகக் கேள்விப்பட்டாள். மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் வார்னிஷை எடுப்பதிலேயே போனது. ரசாயனத்தில் பஞ்சைத் தோய்த்து, மினுக்கம் மட்டும் கரைந்து வண்ணம் கரையாத அளவுக்கு ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் காலைப்பொழுது. சிலருக்கு முகமே போய்விட்டது. ஒவ்வொரு முகம் போகும்போதும் அவனை வாய்விட்டு வைதாள். கீழே கடைக்காரர் காதில் விழுகிற அளவுக்கு.

ஏப்ரலில் ஜேனிஸ் கூப்பிட்டாள். நாட்டிங்காம் ஆஸ்பத்திரியில் நெவிலுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தது. அவன் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஜேனிஸுக்கு ஓட்டத் தெரியாது. ரயிலில் ஏறி இறங்க அவனால் முடியவில்லை. ஜேனிஸ் கெஞ்சவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் கிளெண்டா.

அவன் வாசலில் தயாராக நின்றான். அதே நீலக் கழுத்துப்பட்டை, முடிச்சு கோணலாக. காரில் ஏறி உட்கார்ந்து இருக்கைப் பட்டையை இழுத்தான். கொக்கி துளையில் விழவில்லை. டக், டக் என்று பக்கத்திலேயே தட்டிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். பிறகு அவன் கையைத் தட்டிவிட்டு, கொக்கியைப் பிடுங்கிச் சொருகி, பட்டையை இழுத்துவிட்டாள். வேண்டியதைவிட இறுக்கமாகவே.

பாதி தூரம் போயாயிற்று. மழை தூறியது. வைப்பர் போய்ப் போய் வந்தது.

"கிளெண்டா," என்றான். "நான்..."

"பேசாத. நான் இன்னும் முடிக்கல."

"என்னத்த?"

"கோவத்த."

அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். இன்னும் சில மைல் போனபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

"அந்த வெள்ளை உன்ன மாதிரி யாருக்கும் வராது."

"அது எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.